எல்லா ‘லி’யும் வினையடை இல்லை
ஆங்கில இலக்கணம் பற்றி ஒருவர், பெயரடையோடு (adjective) ‘லி’ (-ly) சேர்த்தால் வினையடை (adverb), ‘லி’யில் முடிவதெல்லாம் வினையடை என்று எழுதியிருக்கிறார். பாதிதான் சரி. ஸ்லோ, ஸ்லோலி ஆகும். ஆனால் ஃப்ரெண்ட்லி, லவ்லி இரண்டும் பெயரடைகள். ‘ஃப்ரெண்ட்லி டீச்சர்’ என்கிறோமே. ‘ஃபாஸ்ட்லி’ என்று சொல்லும் வழக்கமே இல்லை, ‘ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்’தான்.

ரொம்பக் கவனிக்க வேண்டியது ஹார்ட் (hard). ‘ஐ ஒர்க் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறேன். ‘ஐ ஹார்ட்லி ஒர்க்’ என்றால் வேலையே பார்ப்பதில்லை என்கிற மாதிரி. வேலைக்கான நேர்காணலில் தயவுசெய்து மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், அதே பதிவில் அவர் உதாரணம் காட்டிய ‘ஆல்தோ இட் ரெயின்ட், பட் வீ வென்ட்’ வாக்கியமும் பிழை. ‘மழை பெய்தாலும் ஆனால் போனோம்’ என்று தமிழில் சொல்வோமா? ஆல்தோ, பட் இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.