சான்றிதழில் சிறுநீரகம் இல்லை

பக்கத்து வீட்டு ஷிட்சு நாய்க்கு இன்னும் ஒரு வயது நிரம்பவில்லை. அதற்குள் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. தயிர் சாதம் போட்டதால்தான் என்று தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்த வீட்டு அம்மாவும் அதையே நம்பிக் குமைகிறார். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம் வருகிறது.

இளம் நாயின் சிறுநீரகத்தை எலிக்காய்ச்சல் கெடுக்கலாம், நஞ்சு கெடுக்கலாம். தயிர் சாதம் என்ன செய்தது? ஷிட்சு, லாசா அப்சோ இனங்களில் கருவிலேயே சிறுநீரகம் சரியாக வளராமல் போகும் கோளாறு உண்டு. ரத்தத்தை வடிகட்டும் நுண்முடிச்சுகளில் பல, நாய் வளர்ந்த பிறகும் தாய் வயிற்றில் இருந்த அதே முதிராத நிலையில் கிடக்கும். இந்தக் குட்டிக்கு ஸ்கேனில் இரண்டும் சிறுத்துப்போயிருந்தன. தாடை எலும்பு இளகிப் பல் ஆடியது; வாயைத் திறந்தாலே மூத்திர நெடி.

இந்தக் கோளாறு உள்ள நாய் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், சிறுநீர் பச்சைத் தண்ணீராகப் போகும். வெயில் காலம் என்று விட்டுவிடுகிறோம். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறுவதற்குள் அதன் முக்கால் பங்குத் திறன் போயிருக்கும். சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்தால் அதற்கு முன்பே சந்தேகம் வரும். அதற்குப் பெரிய செலவும் இல்லை.

"கேசிஐ பேப்பர் இருக்கிறதே!" என்கிறார்கள். இந்திய கென்னல் கிளப் தரும் அந்தப் பதிவுச் சான்றிதழ் வம்சாவளியைச் சொல்லும், சிறுநீரகத்தைச் சொல்லாது. கோளாறு லேசாக உள்ள நாய் கொழுகொழுவென்று வளரும், குட்டியும் போடும். பெற்றவை நன்றாக இருக்கின்றன என்பதெல்லாம் ஒரு சான்றா? இங்கிலீஷ் காக்கர் ஸ்பானியலுக்கு வரும் பரம்பரைச் சிறுநீரக நோய்க்காவது மரபணுச் சோதனை இருக்கிறது. தாய், தந்தை இரண்டிலும் பழுதான மரபணு இருந்தால்தான் குட்டிக்கு அந்த நோய் வரும். கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி அனுப்பினால் போதும். நம் ஊரில் குட்டி விற்பவர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? கேட்டால் முறைக்கிறார்கள். நாய் வளர்ப்பு, விற்பனைக்கான மத்திய அரசின் விதிகள் 2017இல் வந்தன. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பதையே பலர் மதிப்பதில்லை. மற்றதை யார் பார்க்கப்போகிறார்கள்?

நேற்று அந்த அம்மா விற்றவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் துளியும் தயங்கவில்லை.

"கவலைப்படாதீர்கள் அம்மா. அதே ஜோடிதான், அடுத்த ஈற்றில் ஒரு குட்டியை உங்களுக்கு இலவசமாகத் தந்துவிடுகிறேன்."