மலிவு விலை பம்ப் துப்பாக்கி: உதிரி பாகத்தை யோசித்து வாங்குங்கள்

அமெரிக்காவில் முதன்முதலாக 12 கேஜ் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கி (முன்பிடியைப் பின்னால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் ஷாட்கன்; 12 கேஜ் என்பது குழலின் அளவு) வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: உள்நாட்டுத் தயாரிப்பா, துருக்கி, சீனச் சரக்கா? கையில் 250, 300 டாலர்தான் இருக்கிறதென்றால் மாவரிக் 88 வாங்குங்கள். இறக்குமதி எல்லாம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. பத்து வருஷம் கழித்து ஒரு சின்ன ஸ்பிரிங் உடைந்தால் அது எங்கே கிடைக்கும் என்பதுதான் என் கவலை.

மாவரிக் 88, மாஸ்பர்க் நிறுவனத்தின் 500 மாடலுக்குத் தம்பி மாதிரி. டெக்சஸின் ஈகிள் பாஸில் சேர்த்துப் பூட்டுகிறார்கள். ரிசீவர் (உள் பாகங்கள் இருக்கும் நடு உடல்) அலுமினியம் என்று கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையே இல்லை. தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் போல்ட்டில் இருக்கும் லாக், பேரலின் (குழலின்) பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் எஃகுப் பகுதியில் போய் மாட்டுகிறது. வெடிக்கும்போது வரும் அடியை அந்த இரண்டு எஃகும்தான் வாங்கிக்கொள்கின்றன. அலுமினியம் வெறும் கூடு.

உள்ளே சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரைப் பாருங்கள். ஒரே ஒரு திருகில் நிற்கிறது. தேய்ந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம். இன்னொரு பம்ப் துப்பாக்கியான ரெமிங்டன் 870-இல் அதே எஜெக்டர் ரிசீவருக்குள் ரிவெட் அடித்திருக்கும். அதை மாற்றத் துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும், அந்தக் கூலி மலிவுத் துப்பாக்கிக்குக் கட்டுப்படியாகாது.

500-இன் பேரல்கள் 88-க்கும் பொருந்தும், தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாயின் நீளம் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான். 28 அங்குலப் பேரலை வாத்து வேட்டைக்கும் 18.5 அங்குலத்தை வீட்டுக்கும் மாற்றி மாற்றிப் பூட்டலாம். மாஸ்பர்க்கின் இன்னொரு மாடலான 590-இன் பேரல் மட்டும் சேராது. அதன் மேகசின் முனை அமைப்பே வேறு. விசைத் தொகுப்பையும் 500-இலிருந்து எடுத்துப் போட முடியாது. 500-இல் சேஃப்டி ரிசீவரின் மேலே, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும். 88-இல் விசைக்காப்பில் குறுக்கே அழுத்தும் பொத்தான். இடதுகைக்காரர்கள் கொஞ்சம் கூடக் கொடுத்து 500 வாங்குவதே நல்லது.

இறக்குமதியில் நல்லதும் இருக்கிறது. வின்செஸ்டர் எஸ்எக்ஸ்பி துருக்கியில் செய்வது. போல்ட் தலை சுழன்று பூட்டும், பம்ப் அடிக்க இலகு. பெரிய நிறுவனம் பின்னால் நிற்பதால் பாகம் கிடைக்கும். சீனாவில் செய்து வந்த பார்ட்னர் பம்ப், 870-ஐப் பார்த்துச் செய்தது. ரிசீவர் எஃகு, கை கனக்கும், உழைக்கும். ஆனால் அதை விற்ற நிறுவனத்தின் உற்பத்தி 2015-இல் நின்றுபோனது. 870-இன் பாகங்கள் பல சேரும், சில சேராது. எது சேரும் என்று வாங்கி மாட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பெயர் தெரியாத இறக்குமதிகளின் கதி இதைவிட மோசம்.

பழையது வாங்கினால் கடைக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுச் சோதியுங்கள். முதலில் சேம்பரையும் (தோட்டா வெடிக்கும் அறை) மேகசினையும் கண்ணால் பார்த்து, விரல் விட்டுத் தொட்டு, காலி என்று உறுதி செய்யுங்கள். பிறகு நான்கு வெடிக்காத டம்மி தோட்டா போட்டு, குழலைப் பத்திரமான திசையில் வைத்து வேகமாகப் பம்ப் அடியுங்கள். ஒரு இழுப்புக்கு இரண்டு தோட்டா வெளியே வந்தால் தோட்டாவை ஒவ்வொன்றாக விடும் ஷெல் ஸ்டாப் தேய்ந்திருக்கிறது. டம்மி வெளியே தெறிக்காமல் உள்ளேயே விழுந்தால் எஜெக்டரைச் சந்தேகியுங்கள். முன்பிடி லேசாக ஆடுவது கோளாறே இல்லை.

புதுசு வாங்கினாலும் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு சுட வேண்டாம். துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய கெட்டி எண்ணெயைப் பேரலிலிருந்தும் சேம்பரிலிருந்தும் முழுசாகத் துடைத்துவிட்டு மெலிசாக எண்ணெய் போடுங்கள். வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் மேகசினுக்குள் கட்டை அடைப்பு போட்டே ஆக வேண்டும், மொத்தம் மூன்று தோட்டாதான் கொள்ளலாம். 1991 முதல் அமெரிக்கா முழுக்க வாத்து வேட்டையில் ஈய ரவைக்கும் தடை. எஃகு ரவை போட்டால் நடுத்தர அளவான மாடிஃபைடைவிட இறுக்கமான சோக் (குழல் முனையின் குறுக்கம்) வேண்டாம்.

சுட்ட கூடு சேம்பரிலேயே சிக்கிக்கொண்டால் உடனே துப்பாக்கியைக் குறை சொல்லாதீர்கள். மலிவுத் தோட்டாக்களின் அடிப்பகுதி எஃகு. வெடித்ததும் விரியும், பித்தளை அளவுக்குச் சுருங்கித் திரும்பாது. சேம்பர் சொரசொரப்பாக இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பித்தளை அடி உள்ள தோட்டா ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். அதுவும் சிக்கினால் சேம்பரை மெருகேற்றக் கொடுங்கள்.