பார்க்கிங்ல உக்காந்தா சட்டப்படி சரி, வீட்ல உக்காந்தா தப்பா?

நான் இங்க அமெரிக்காவுல மிட்வெஸ்ட் பக்கம் ஒரு சின்ன ஊரு லைப்ரரில வாரத்துக்கு மூணு நாள் கவுண்டர்ல வேலை பாக்குறேன். ராத்திரி 8 மணிக்குப் பூட்டிட்டு வெளிய வந்தா பார்க்கிங்ல எப்பவும் ரெண்டு மூணு கார் நிக்கும், பின் சீட்டுல ஒரு புள்ள மடில லேப்டாப்ப வெச்சுக்கிட்டு ஹோம்வொர்க் பண்ணிட்டு இருக்கும், முன் சீட்டுல அம்மாவோ அப்பாவோ வேலை முடிஞ்ச அசதில கண்ணசந்திருப்பாங்க. நாங்க ராத்திரி வைஃபைய அணைக்கிறதில்ல, அதுக்காகத்தான் வர்றாங்க. ஜனவரி குளிர்லயும் ஹீட்டர் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாங்க. இத ரெண்டு வருஷமா பாத்துட்டு இருக்கேன், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

2025 செப்டம்பர் 30 அன்னிக்கு எஃப்.சி.சி, அதாவது இங்க தொலைத்தொடர்ப கட்டுப்படுத்துற ஆணையம், 2-1னு ஓட்டுப் போட்டு ரெண்டு விஷயத்த ரத்து பண்ணிடுச்சு. ஒண்ணு, பள்ளிக்கூட பஸ்ல வைஃபை போட இ-ரேட் நிதிய பயன்படுத்தலாம்னு 2023 அக்டோபர்ல குடுத்த விளக்கம். இன்னொண்ணு, லைப்ரரியும் பள்ளிக்கூடமும் ஹாட்ஸ்பாட், அதாவது செல்போன் சிக்னல வைஃபையா மாத்திக் குடுக்குற சின்னப் பெட்டி, வாங்கி புள்ளைங்க வீட்டுக்குக் கடனா குடுக்கலாம்னு 2024 ஜூலைல போட்ட உத்தரவு. ரெண்டும் முன்னாடி தலைவரா இருந்த ஜெசிக்கா ரோசன்வொர்சல் காலத்துல வந்தது, இப்ப தலைவரா இருக்குற பிரெண்டன் கார் அப்பவே எதிர்த்தாரு, வந்ததும் எடுத்துட்டாரு. அன்னா கோமஸ் மட்டும்தான் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க.

இ-ரேட்னா என்னன்னு இங்க இருக்குற நம்மாளுங்க நிறைய பேருக்குத் தெரியாது, ஆனா காச நீங்கதான் கட்டுறீங்க. போன் பில்ல எடுத்து கீழ பாருங்க, யுனிவர்சல் சர்வீஸ்னு ஒரு கட்டணம் இருக்கும். கம்பெனிங்க அந்த நிதிக்குக் கட்டவேண்டிய பங்க நம்ம தலையில போடுறாங்க, அதுல இருந்து ஒரு பகுதி இன்டர்நெட் செலவுக்காகப் பள்ளிக்கூடத்துக்கும் லைப்ரரிக்கும் போகுது, அதுதான் இ-ரேட். 1996 தொலைத்தொடர்புச் சட்டத்துல வந்த ஏற்பாடு இது. அந்த வருஷம் இந்த நாட்டு வகுப்பறைகள்ல 14 சதவீதத்துலதான் இன்டர்நெட் இருந்துச்சு, 2005ல அது 94 ஆச்சு. எவ்ளோ ஏழைப் புள்ளைங்க, கிராமமா டவுனாங்கிறத வெச்சு 20ல இருந்து 90 சதவீதம் வரைக்கும் தள்ளுபடி கிடைக்கும், மிச்சத்த அந்தப் பள்ளிக்கூடமே போடணும். என்ன வேணும்னு ஃபார்ம் 470 போட்டு, 28 நாள் காத்திருந்து, டெண்டர் பாத்து, அப்புறம் காசு கேட்டு ஃபார்ம் 471 போடணும், எங்க டைரக்டர் அந்த சீசன்ல ஒழுங்கா சாப்பிடக்கூட மாட்டாங்க. ஓசில யாரும் அள்ளிக் குடுக்கல.

இந்தத் திட்டத்தோட விதி மாறுறது புதுசு இல்ல, மாறணும்தான். 2014ல பெரிய மாத்தம் வந்துச்சு, பேஜர், ஈமெயில், வெப் ஹோஸ்டிங்குக்கெல்லாம் குடுத்துட்டு இருந்தத நிறுத்தினாங்க, டெலிபோன் மானியத்த வருஷத்துக்கு 20 சதவீதமா கொறச்சு எடுத்தாங்க, அந்தக் காச பிராட்பேண்டுக்கும் வகுப்பறை வைஃபைக்கும் திருப்பினாங்க, உச்சவரம்பையும் 390 கோடி டாலராக்கினாங்க. அப்பவும் பல பள்ளிக்கூடத்துக்கு போன் செலவு கைய கடிச்சுது. ஆனா அந்த மாத்தத்துக்கு ஒரு நியாயம் இருந்துச்சு, புள்ளைங்க படிப்பு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் காசு போச்சு. இப்ப வந்திருக்கிறது நேர் எதிர்ப்பக்கம் போகுது.

எஃப்.சி.சி சொல்ற காரணம் என்னன்னா சட்டத்துல வகுப்பறை, லைப்ரரின்னுதான் எழுதியிருக்கு, பஸ்ஸும் வீடும் வகுப்பறை இல்லங்கிறது. சொல்லோட நேர் அர்த்தத்த எடுத்தா அதுல வாதம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதே இ-ரேட் வைஃபைய கட்டடம் பூட்டியிருந்தாலும் ஊர் மக்களுக்காகத் திறந்து விடலாம்னு 2020 மார்ச்ல கொரோனா வந்தப்ப இதே எஃப்.சி.சிதான் சொல்லுச்சு. அதாவது ஒரு பொண்ணு லைப்ரரி பார்க்கிங்ல கார்ல உக்காந்து கணக்குப் போட்டா சரி, அதே பொண்ணு வீட்டு சமையக்கட்டு மேசைல உக்காந்து போட்டா காசு கிடையாது. ஒரு எட்டாவது படிக்கிற புள்ளைகிட்ட இத எப்டிங்க விளக்குறது?

2020 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியா சலினாஸ்ல ரெண்டு சின்னப் பொண்ணுங்க டாக்கோ பெல் கடை வாசல்ல தரைல உக்காந்து ஸ்கூல் கிளாஸ் கவனிச்ச போட்டோ நாடு பூரா சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? அதுக்கப்புறம்தான் எல்லாருக்கும் உறைச்சுது. 2021ல 717 கோடி டாலர்ல ஒரு அவசர நிதி வந்துச்சு, அதுலதான் எங்க லைப்ரரி 24 ஹாட்ஸ்பாட் வாங்குச்சு. அந்த நிதி 2024 ஜூன் 30ஓட முடிஞ்சுது. ஏழைக் குடும்பங்களுக்கு இன்டர்நெட் பில்லுல மாசம் 30 டாலர் கழிச்சுக் குடுத்த திட்டமும் அதே ஜூன் மாசம் நின்னுச்சு, அதுல மட்டும் 2 கோடியே 30 லட்சம் குடும்பம் இருந்துச்சு. ஒரே மாசத்துல ரெண்டு பக்கமும் போயிடுச்சு, அந்த நேரத்துலதான் இ-ரேட் ஹாட்ஸ்பாட் உத்தரவு வந்துச்சு, எங்களுக்கெல்லாம் உயிரே வந்த மாதிரி இருந்துச்சு.

காசு வீணாப் போகும்னு சொல்றவங்களுக்கு. ஒரு ஹாட்ஸ்பாட்டுக்கு 90 டாலர், மாச சர்வீஸுக்கு 15 டாலர், அதுக்கு மேல குடுக்க மாட்டோம்னு அந்த உத்தரவுலயே வரம்பு இருந்துச்சு. இ-ரேட்டோட வருஷ உச்சவரம்பு இப்ப 500 கோடி டாலர ஒட்டி இருக்கு, எல்லாரும் சேந்து கேக்குறது 300 கோடிய கொஞ்சம்தான் தாண்டுது. இடம் இருந்துச்சு. போன் பில்லுல வர்ற அந்தக் கட்டணம் கூடிக்கிட்டே போகுதுங்கிறது உண்மையான பிரச்சனைதான், மாநிலம் தாண்டுற போன் வருமானத்துல 2000ல 6 சதவீதத்துக்குப் பக்கம் இருந்தது இப்ப 36க்கு மேல போயிடுச்சு, வயசானவங்க லேண்ட்லைன் பில்லுலயும் அதே பாரம் விழுது, எனக்கும் அது பிடிக்கல. ஆனா அதுக்குக் காரணம் ஹாட்ஸ்பாட்டா? ஜனங்க போன் பேசுறத விட்டு இன்டர்நெட்டுக்குப் போயிட்டாங்க, இன்டர்நெட் வருமானத்துக்கு இந்தக் கட்டணம் இல்ல, அடித்தளம் சுருங்கிட்டே போகுது. அத சரி பண்ண காங்கிரஸ், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றம்தான் உக்காந்து பேசணும். இந்த நிதியே செல்லாதுன்னு போட்ட வழக்க 2025 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் 6-3னு தள்ளிடுச்சு, அதனால இனிமே பேசாம இருக்க சாக்கே இல்ல.

இன்னொரு பயம், வீட்ல பெத்தவங்க கண்ணுல படாம புள்ளைங்க கண்டதையும் பாக்கும்கிறது. ரெண்டு புள்ளைங்கள வளக்குறேன், அந்தப் பயத்த நான் லேசா எடுத்துக்க மாட்டேன். அதுக்குத்தான் 2000லயே ஒரு சட்டம் வந்து இ-ரேட் காசு வாங்குனா ஃபில்டர் போட்டே ஆகணும்னு ஆச்சு, ஹாட்ஸ்பாட் உத்தரவுலயும் அது இருந்துச்சு. அந்தப் புள்ள கையில இருக்குற போன்ல அந்த ஃபில்டர் கிடையாது, அதையும் யோசிங்க.

பஸ் விஷயத்த தனியா சொல்லணும். இங்க கிராமப்புறத்துல புள்ளைங்க ஒரு பக்கத்துக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல பஸ்ல போறது சாதாரணம். கலிஃபோர்னியா கோச்செல்லா பள்ளத்தாக்குல, கொரோனாவுக்கெல்லாம் பல வருஷம் முன்னாடியே, பஸ்ல ரவுட்டர் மாட்டி ராத்திரில டிரெய்லர் வீடுங்க பக்கத்துல நிறுத்தி வெச்சாங்க, புள்ளைங்க வீட்டுக்குள்ள இருந்தே படிக்கட்டும்னு. யாரோ ஒருத்தர் மனசு வெச்சு யோசிச்சிருக்காங்க, அத நெனச்சா இன்னும் சந்தோஷமா இருக்கு.

எங்க கதைக்கு வர்றேன். 2025 ஆரம்பத்துல 20 ஹாட்ஸ்பாட்டுக்கு அப்ளிகேஷன் போட்டோம். ஓட்டு நடந்த கையோட, நிலுவைல இருக்குற ஹாட்ஸ்பாட் கோரிக்கை எல்லாத்தையும் நிராகரிக்கச் சொல்லிட்டாங்க. லைப்ரரி நண்பர்கள் குழு பழைய புத்தகம் வித்த காசுல இப்ப 6 மட்டும் ஓடுது. போன வாரம் ஒரு அம்மா கேட்டாங்க, கோழி பிளான்ட்ல நைட் ஷிப்ட் வேலை. லிஸ்ட்ல 19வது ஆளுன்னு நான் சொன்னேன், பரவால்லங்க பார்க்கிங்லயே நிக்கிறோம்னு சிரிச்சாங்க, எனக்குத்தான் தாங்கல.

டாலஸ், நியூஜெர்சி பக்கம் வீட்ல ஃபைபர் வெச்சிருக்குற நண்பர்களே, உங்க ஊரு லைப்ரரில ஹாட்ஸ்பாட் இருக்கா, எத்தன பேரு காத்திருக்காங்கன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க. ஓட்டு இருந்தா உங்க காங்கிரஸ் மெம்பருக்கு எழுதுங்க, சட்டத்துல அந்த வார்த்தைய அவங்கதான் மாத்த முடியும். வர்ற செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு எங்க லைப்ரரி போர்டு மீட்டிங், பொதுமக்கள் பேச ஆளுக்கு 3 நிமிஷம், நான் பேரு குடுத்திருக்கேன்.