விண்டோஸ் 11 என்று மட்டும் சொன்னால் போதாது

"என்கிட்ட இருக்கிறது விண்டோஸ் 11, எனக்குப் பிரச்சினை இல்லை" என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது ஊருக்கே தெரியும். ஆனால் விண்டோஸ் 11-இன் 22ஹெச்2 பதிப்புக்கு (22 என்றால் 2022, ஹெச்2 என்றால் அந்த வருஷத்தின் பின்பாதி) ஹோம், ப்ரோ இரண்டிலும் 2024 அக்டோபர் 8-ஆம் தேதியே ஆதரவு முடிந்துவிட்டது. அதாவது, 'பழைய' விண்டோஸ் 10 இருந்த கம்ப்யூட்டர், இந்த 'புதிய' 11-ஐ விட ஒரு வருஷம் கூடுதலாகப் பாதுகாப்பு அப்டேட் வாங்கியது. 23ஹெச்2-க்கும் 2025 நவம்பர் 11-உடன் கதை முடிந்தது. பெட்டியில் பெரிதாக 11 என்று போட்டுவிட்டு, உண்மையில் முக்கியமான எண்ணை உள்ளே எங்கோ ஒளித்து வைப்பது பெயர் வைக்கிற முறையே அல்ல.

உங்களிடம் எது இருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் 'வின்வெர்' (winver) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்துங்கள். பில்டு எண் 22631 என்றால் 23ஹெச்2, 26100 என்றால் 24ஹெச்2, 26200 என்றால் 25ஹெச்2. 24-இலிருந்து 25-க்குப் போவது சுலபம். இரண்டுக்கும் அடிப்படைக் கோப்புகள் ஒன்றுதான். சின்ன அப்டேட், ஒரு ரீஸ்டார்ட், அவ்வளவே. 23-இலிருந்து 24-க்குப் போவது அப்படியல்ல, சிஸ்டம் முழுதும் மாறும். சி டிரைவில் குறைந்தது 20 ஜிபியாவது காலியாக வைத்துக்கொண்டு தொடங்குங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய கம்ப்யூட்டரில், தகுதிச் சோதனையை ஏதோ வழியில் தாண்டி 11 போட்டிருந்தால், இந்த வருடாந்தரப் பதிப்பு பெரும்பாலும் தானாக வராது. மாதாந்தர அப்டேட் வந்துகொண்டே இருந்ததால் எல்லாம் சரி என்று தோன்றும். ஒருநாள் அதுவும் நின்றுபோகும்.

தேதியைப் பெயரில் வைப்பது நல்ல யோசனைதான். விண்டோஸ் 10-இல் 1703, 1809 என்று வருஷமும் மாதமுமாக வைத்தார்கள். ஆனால் 2018 செப்டம்பரைக் குறிக்கும் 1809 வெளிவந்தது அக்டோபரில். சிலருடைய கோப்புகளை அழித்ததால் திரும்பப் பெற்று, நவம்பரில் மறுபடி விட்டார்கள். 2020 ஏப்ரலைக் குறிக்கும் 2004 என்ற பதிப்பு வந்தது மே மாதத்தில்! உபுண்டு என்ற லினக்ஸ் சிஸ்டத்தைப் பாருங்கள். 2006 ஏப்ரலில் 6.04 வந்திருக்க வேண்டும். தாமதமாகி ஜூனில் வந்ததும் எண்ணையே 6.06 என்று மாற்றினார்கள். அதுதான் நேர்மை. 24.04 எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) என்றால் 2024 ஏப்ரல், வழக்கமான ஆதரவு ஐந்து வருஷம், ஆக 2029 என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆப்பிளும் 2025-இல் ஐஓஎஸ் 18, மேக்ஓஎஸ் 15, வாட்ச்ஓஎஸ் 11 என்று கிடந்த குழப்பத்தை ஒழித்து எல்லாவற்றுக்கும் 26 வைத்தது. வரவேற்கிறேன்.

விண்டோஸின் பெயரில் செய்ததையேதான் மைக்ரோசாஃப்ட்காரர்கள் அதன் முகப்பிலும் செய்தார்கள். ஸ்டார்ட் பட்டன் இருந்த இடது மூலைக்கு ஒரு காரணம் இருந்தது. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் மூலையில் போய் நின்றுவிடும். குறி பார்க்கவே வேண்டாம். விண்டோஸ் 11-இல் அதை நடுவுக்குக் கொண்டுவந்தார்கள். நடுவில் இருப்பதால், நீங்கள் திறக்கும் ஒவ்வொரு புது மென்பொருளுக்கும் பட்டன் கொஞ்சம் இடதுபக்கம் நகர்கிறது, மூடினால் திரும்பி வருகிறது. கை பழகுவதற்கு நிலையான இடமே இல்லை. செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், டாஸ்க்பார் போய், 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' திறந்து அலைன்மென்ட்டை 'லெஃப்ட்' என்று மாற்றுங்கள். வீட்டில் பெரியவர்களின் கம்ப்யூட்டராக இருந்தால் முதல் வேலையாக இதைச் செய்து கொடுங்கள்.

ரைட் கிளிக் மெனு இன்னும் மோசம். கட், காப்பி, ரீநேம், டிலீட் எல்லாவற்றையும் எழுத்தே இல்லாத சின்னப் படங்களாக்கினார்கள். மற்ற மென்பொருள்கள் சேர்த்த பழைய வசதிகள் பலவும் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய் ஒளிந்தன. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்தால் முழுப் பழைய மெனு நேராக வரும்.

இதில் வருத்தம் என்னவென்றால், எடுத்ததை எல்லாம் தவணை முறையில் திருப்பித் தருகிறார்கள். டாஸ்க்பாரில் கோப்பை இழுத்துவிடும் வசதி 2021-இல் போனது, 2022-இல் திரும்பியது. ஜன்னல்களைப் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி 2023-இல்தான் திரும்பியது. மெனுவில் அந்தப் படங்களுக்குக் கீழே எழுத்து வர 24ஹெச்2 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புது வடிவம் வரட்டும், அழகாகவும் இருக்கட்டும். பழைய இடத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அந்த வின்வெர் பெட்டியில் பதிப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே ஆதரவு முடியும் தேதியையும் போட வேண்டும். ஒரே ஒரு வரிதான் கேட்கிறோம்.