அறுபத்தைஞ்சாம் கட்டம்

பாலா: ஆயிரக்கணக்கில போட்டிருக்கு பிள்ளை. நான் சொல்லேல்லை, பழங்காசு விலைப் புத்தகம் சொல்லுது.

மாலதி: எங்க பாத்தனீங்கள்?

பாலா: மேல 65 எண்டு கிடந்தது. என்ர கனடா ஒரு டொலர் காசுக்குத்தியும் 65 ஆம் ஆண்டு. அதுக்கு நேர கீழ பாத்தன்.

மாலதி: அண்ணை, அது ஆண்டில்லை, தரம். எம்எஸ்-65. புழக்கத்துக்கே போகாத குத்தி, அதிலையும் நல்ல குத்தி.

பாலா: பக்கத்தில 60 எண்டும் வரிசையில கிடக்கே. ஆண்டுதானே வரிசையா வரும்?

மாலதி: 60க்கு இந்தப் பக்கம் 50, 40, 20, 12, 8 எண்டும் கிடக்கு. அதுவும் ஆண்டோ?

பாலா: ஒட்டாவாவில 1908 இலதான் காசடிக்கத் தொடங்கினவங்கள் எண்டு போன கிழமை நீதானே சொன்னனீ. அந்த 8.

மாலதி: அதுக்கும் முன்னால 4 கிடக்கு.

பாலா: அது லண்டனில அடிச்சது.

மாலதி: உங்களோட கதைக்கிறதுக்குப் பதிலா... சரி, ஆண்டு இடப்பக்கம் மேல இருந்து கீழ போகும். தரம் 1 இல இருந்து 70 வரை, குறுக்கால போகும். ரெண்டும் சந்திக்கிற கட்டத்திலதான் விலை. உங்கட விரல் எந்த ஆண்டில நிண்டது?

பாலா: 48 இல.

மாலதி: 1948 டொலர் அடிச்சதே 18,780 தான். உங்கட 1965 ஒரு கோடிக்கு மேல.

பாலா: 48 இல மட்டும் ஏன் அவ்வளவு குறைய? வெள்ளித் தட்டுப்பாடோ?

மாலதி: இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைச்சதால, ராசாவின்ர பேரோட இருந்த இந்தியப் பேரரசர் எண்ட பட்டத்தைக் காசில இருந்து எடுக்க வேண்டி வந்தது. புது அச்சு வரப் பிந்திப்போச்சு. அது வருமட்டும் 1947 அச்சிலேயே ஒரு சின்ன மேப்பிள் இலையைப் போட்டு அடிச்சவங்கள். 48 எண்டு அடிக்க மிஞ்சின காலம் கொஞ்சம்தான்.

பாலா: அப்ப காந்தியால எனக்கு நட்டம்.

மாலதி: உங்களிட்ட 48 இருந்தாத்தானே காந்தியைப் பிடிக்கலாம்!

பாலா: சரி, புத்தகத்தை விடு. நெற்றில ஒருத்தன் இதே 65 ஐ மூவாயிரத்துக்குப் போட்டிருக்கிறான்.

மாலதி: வித்தவனோ, போட்டவனோ?

பாலா: போட்டிருக்கிறான் எண்டா விக்கத்தானே?

மாலதி: ஸ்காபரோவில பக்கத்து வீட்டுக்காரன் ரெண்டு மில்லியன் எண்டு பலகை நட்டா, நீங்கள் அதை நம்புவியளோ? வித்த விலை என்ன எண்டு ஏஜென்டுக்கு நடுச்சாமத்திலையும் ஃபோன் எடுப்பியள். குத்திக்கு மட்டும் பலகையில கிடக்கிற விலை காணுமோ?

பாலா: வீடு வேற.

மாலதி: ஈபேயில விற்பனை முடிஞ்சதை மட்டும் காட்டுற தெரிவு ஒண்டு இருக்கு, அதை அமத்திப்போட்டுப் பாக்கவேணும். அதிலையும், பேரம் பேசி வித்தது எண்டா விலையில கோடு இழுத்திருக்கும். அந்த விலைக்குப் போகேல்லை, அதுக்குக் குறைய ஏதோ ஒரு விலைக்குப் போயிருக்கு. தனிப்பட ஒரு விற்பனையைப் பாத்தும் முடிவெடுக்கக் கூடாது. ஒரே தரம், ஒரே கம்பனி தரப்படுத்தினது, ஐந்தாறு எடுத்து நடு விலையைப் பாருங்கோ. ஏலக் கம்பனிகள் பழைய முடிவுகளை இணையத்தில வச்சிருக்கு, அது இன்னும் நல்லது. ஆனா அங்க காட்டுற தொகையில வாங்கினவன் கட்டுற கட்டணமும் சேந்திருக்கும். வித்தவன்ர கைக்கு அவ்வளவும் வராது. அமெரிக்க ஏலம் எண்டா அமெரிக்க டொலர். பிசிஜிஎஸ் எண்ட அமெரிக்கத் தரப்படுத்தல் கம்பனியின்ர விலைப் பட்டியலும் அமெரிக்க டொலர்தான்.

பாலா: மாத்தினா இன்னும் கூடுமே!

மாலதி: 65 ஆம் கட்டத்தையும் மாத்திப் பாத்தனீங்களோ?

பாலா: பாத்தன். நல்லாக் கூடுது.

மாலதி: கூடும்.

பாலா: என்ர புத்தகம் கனடாப் புத்தகம், சார்ல்டன். கனடா டொலர். அதிலை பிழை சொல்லேலாது.

மாலதி: சார்ல்டன் 1952 இல இருந்து வருது, நல்ல புத்தகம். எந்த வருசத்துப் பதிப்பு வச்சிருக்கிறியள்?

பாலா: 1981. நூலகத்தில கழிச்சு விட்டது, ஐம்பது சதம். 81 இலேயே அந்த விலை எண்டா இப்ப யோசிச்சுப் பார்!

மாலதி: 1980 தொடக்கத்தில வெள்ளி அவுன்ஸ் ஐம்பது டொலர் கிட்டப் போய், பிறகு விழுந்தது. அந்தக் காய்ச்சல் காலத்துப் புத்தகம் அண்ணை. இப்பத்தைய பதிப்பை வாங்குங்கோ. அதிலையும் இருக்கிறது நீங்கள் கடையில வாங்கப் போனா குடுக்கிற விலை. கடைக்காரன் உங்களுக்குத் தாற விலையில்லை. அவன் வாடகை, லாபம் எல்லாம் கழிச்சுத்தான் தருவான். சாதாரணக் குத்திக்குக் கன கழிப்பான், தேடித் திரியிற குத்திக்குக் கொஞ்சமாக் கழிப்பான்.

பாலா: புதுப் புத்தகம் என்ன விலை? காசு குடுத்தோ வாங்கிறது?

மாலதி: ஆயிரக்கணக்கில விக்க நிக்கிறியள், புத்தகத்துக்குக் காசு குடுக்க மனமில்லை. உந்த ஊரில முக்கால்வாசிப் பேர் உப்பிடித்தான். விலை மட்டும் தெரியவேணும், எப்பிடிப் பாக்கிறது எண்டு படிக்கக் கூடாது. விலை சொல்லுறவன் வாயைத் திறந்தா கள்ளன்!

பாலா: கோவிக்காத. கையில வச்சுப் பார். மினுங்குது, 65 தான்.

மாலதி: மினுங்கினாத்தான் எனக்குப் பயம். என்னத்தால தேய்ச்சனீங்கள்?

பாலா: மனுசி புளி போட்டு விளக்கினவ. விளக்கு மாதிரி வந்திட்டுது.

மாலதி: லென்ஸில பாருங்கோ, ஒரே பக்கமா மயிர்க்கீறல். இதைத் தரப்படுத்த அனுப்பினா, ஐசிசிஎஸ் எண்ட கனடாக் கம்பனியின்ர உறையில கழுவினது எண்டு எழுதி வரும். பிசிஜிஎஸ் எண்டா இலக்கமே போடமாட்டினம். புத்தகத்தில இருக்கிற எல்லாக் கட்டமும் கழுவாத குத்திக்கு.

பாலா: கழுவினதுக்கு ஒரு கட்டமும் இல்லையோ?

மாலதி: இல்லை. பொறுங்கோ, 1965 இல ஐந்து வகை இருக்கு. ஓரத்து மணி பெரிசோ நடுத்தரமோ சின்னனோ, 5 இன்ர வால் கூரோ மொட்டையோ எண்டு பாக்கவேணும். பெரிய மணியும் கூர் 5 உம் சேந்து வந்தா அருமை... உங்கட சின்ன மணி, மொட்டை 5. எல்லாரிட்டையும் கிடக்கிறது.

பாலா: அப்ப முடிவா?

மாலதி: வெள்ளி விலை. 1967 வரைக்கும் டொலர் 80 வீதம் வெள்ளி, உள்ள சுத்த வெள்ளி 0.6 அவுன்ஸ். இண்டைய அவுன்ஸ் விலையைக் கனடா டொலரில எடுத்துப் பெருக்குங்கோ, அதில வாங்கிறவன்ர கழிவைக் கழியுங்கோ. 25 சதத்துக்கு 0.15, 10 சதத்துக்கு 0.06. ஆனா 1967 பத்தும் இருபத்தைஞ்சும் பாதியில 50 வீதமாக் குறைச்சவங்கள், கலந்து கிடக்கும், அதைத் தனியா வையுங்கோ. 1968 எண்டா காந்தம் பிடிச்சுப் பாருங்கோ, ஒட்டினா நிக்கல்.

பாலா: அப்ப விளக்கினதால நட்டமில்லை.

மாலதி: இதுக்கு இல்லை. உருக்கிறவனுக்கு மினுக்கம் ஏன்?

பாலா: நல்லதாப் போச்சு. வீட்டில இன்னும் ஒரு இருபது கிடக்கு, கறுத்துப்போய். ஆண்டே தெரியேல்லை. அதுதான் மனுசியிட்டப் புளி ஊறப்போடச் சொல்லிப்போட்டு வந்தனான்.

மாலதி: எப்ப?

பாலா: வெளிக்கிடேக்க.

மாலதி: ஃபோனை எடுங்கோ அண்ணை.

பாலா: ஏன், நீ...

மாலதி: ஃபோனை எடுங்கோ!