கால் அழுகியதும் சிப்பாயின் குற்றமா?

கால் அழுகிப்போனதற்காகத் தன் சிப்பாயையே குற்றவாளியாகப் பார்த்த ராணுவம் ஒன்று இருந்தது. முதல் உலகப் போரின் மேற்கு முனையில், பெல்ஜியத்திலும் வடக்கு பிரான்சிலும் பதுங்குகுழிகளில் கிடந்த பிரிட்டிஷ் வீரர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் மூட்டுவது இதுதான். எதிரியின் குண்டுக்குச் சாவதைப் போர் என்று சொல்லலாம். தளபதிகளின் முடிவுகளால் வந்த நோய்க்குச் சேற்றில் நின்றவனைப் பொறுப்பாக்கியதை என்னவென்று சொல்வது?

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி தாழ்வான களிமண் நிலம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். 1914இல் ஜெர்மானியர்கள் பல இடங்களில் மேட்டு நிலத்தைப் பிடித்துக்கொண்டு, ஆழமாகத் தோண்டி, கான்கிரீட் போட்டு அமர்ந்துவிட்டார்கள். பிரிட்டிஷ் தலைமையோ, சீக்கிரமே முன்னேறப் போகிறோம், நிலையான குழிகள் எதற்கு என்று நினைத்தது. வயல்களின் வடிகால் வாய்க்கால்களையும் பீரங்கிகள் சிதைத்துவிட்டன. விளைவு, முழங்கால் அளவு குளிர்ந்த நீரில் நாள்கணக்கில் நிற்க வேண்டியதாயிற்று. இறுக்கமான பூட்ஸும் காலைச் சுற்றிய துணிப்பட்டையும் ரத்த ஓட்டத்தை மேலும் குறைத்தன. முதலில் கால் மரத்துப்போகும். பிறகு வீங்கும், நீலம் பாரிக்கும், கொப்புளம் கட்டும். முற்றினால் சதை அழுகி, விரல்களையோ பாதத்தையோ வெட்டி எடுக்க வேண்டியிருக்கும். நம் வயல்காட்டுச் சேற்றுப்புண்ணை வைத்து இந்த 'டிரெஞ்ச் ஃபுட்' நோயை எடைபோட முடியாது. முதல் குளிர்காலத்தில் மட்டும் பிரிட்டிஷ் ராணுவத்தில் சுமார் 20,000 பேரை இது தாக்கியது.

பிறகு ஏற்பாடுகள் வந்தன. காலில் திமிங்கில எண்ணெய் தேய்த்தார்கள். குழிகளின் தரையில் மரப்பலகைகள் பரப்பினார்கள். இரவு உணவோடு உலர்ந்த காலுறைகளை அனுப்பினார்கள். ஒருவர் காலை இன்னொருவர் பார்த்துக்கொள்ளும்படி வீரர்களை ஜோடி சேர்த்தார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் கூடவே, கால் நோய் என்பது ஒழுங்கு மீறல் என்ற நிலையும் வந்தது. பூட்ஸைக் கழற்றக்கூட உலர்ந்த இடம் இல்லாத ஒருவனிடம் 'ஏன் காலைப் பேணவில்லை' என்று கேட்டார்கள்!

சீலைப்பேன் விஷயத்தில் யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அது அதிகாரிகளையும் விடவில்லை. சட்டைத் தையல்களில் மெழுகுவர்த்திச் சுடரை ஓட்டி அவற்றைப் பொசுக்குவார்கள். தப்பிய பேன் முட்டைகள் உடல் சூட்டில் சில மணி நேரத்திலேயே பொரிக்கத் தொடங்கிவிடும். கணைக்கால் எலும்பைக் குடையும் வலியோடு விட்டுவிட்டு வரும் 'டிரெஞ்ச் காய்ச்சல்' லட்சக்கணக்கானவர்களைப் படுக்கவைத்தது. அதைப் பரப்புவது சீலைப்பேன்தான் என்று உறுதியானபோது 1918 ஆகிவிட்டது. எலிகள், பெட்ரோல் டின்னில் வந்ததால் பெட்ரோல் வாடையடித்த குடிநீர், பிணவாடைக்கு நடுவே டின் இறைச்சியும் கல் போன்ற பிஸ்கட்டும் என்று இன்னும் எவ்வளவோ உண்டு.

இந்தியச் சிப்பாய்களின் கதை இன்னும் கொடுமை. 1914 அக்டோபரில் மெல்லிய பருத்திச் சீருடையோடு முனைக்குப் போனவர்களுக்குக் கம்பளி உடைகள் தாமதமாகத்தான் கிடைத்தன. கையில் காயத்தோடு வந்தவர்களைப் பார்த்து, போரிலிருந்து தப்பத் தாங்களே சுட்டுக்கொண்டார்கள் என்று சந்தேகித்தார்கள். பிரைட்டன் நகரில் இந்தியர்களுக்கான கிச்சனர் மருத்துவமனையின் தலைவர் புரூஸ் செட்டன் 1,000 காயங்களை ஆராய்ந்தார். அப்படிப் பரவலாக நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்று கண்டார். நோயாளியை முதலில் சந்தேகப்படு என்ற அந்த மனப்பான்மைதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மனம் உடைந்தவர்களிடம் அது உச்சத்துக்குப் போனது. 1915இல் மருத்துவர் சார்லஸ் மயர்ஸ் 'ஷெல் ஷாக்' என்ற போர்க்கள மன அதிர்ச்சியைப் பற்றி எழுதிய பிறகும், குண்டு அருகில் வெடித்து அதனால் பாதிக்கப்பட்டவன் ஒரு ரகம், மற்றவன் வெறும் நோயாளி என்று பிரித்தார்கள். காயம்பட்டவன் என்ற மரியாதை முதல் ரகத்துக்கு மட்டும்தான். மாதக்கணக்கான பீரங்கி முழக்கம் ஒருவனை உள்ளுக்குள் நொறுக்கியிருந்தால் அது கணக்கில் வரவில்லை.

ஹாரி ஃபார் என்ற சிப்பாய் 1915இல் இந்தப் பாதிப்புக்காக ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தவர். மறுபடியும் முனைக்கு அனுப்பப்பட்டார். 1916 செப்டம்பரில், பிரான்சில் நடந்த சோம் போரின்போது, தன்னால் முடியவில்லை என்று முன்வரிசைக்குப் போக மறுத்தார். ராணுவ நீதிமன்றத்தில் அவருக்காக வாதாட ஒருவரும் இல்லை. கோழை என்று தீர்ப்பளித்து அக்டோபரில் சுட்டுக் கொன்றார்கள். வயது 25. மனைவிக்குப் போர் விதவை ஓய்வூதியமும் மறுக்கப்பட்டது. குடும்பம் விடாமல் போராடியது. 2006இல் ஹாரி உட்பட 306 பேருக்குப் பிரிட்டன் மன்னிப்பு வழங்கியபோது அவருடைய மகளுக்கு 90 வயது கடந்திருந்தது. ஆனால் அந்த மன்னிப்பு, குற்றத் தீர்ப்பையோ தண்டனையையோ மாற்றாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஹாரி ஃபார் நோயாளி என்பதற்கு ராணுவ மருத்துவமனைப் பதிவே சாட்சியாக இருக்கும்போது, அந்தத் தீர்ப்பு இன்னும் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதை ரத்து செய்ய வேண்டும்.