பிள்ளை துடித்துவிட்டால் 7 வருடம்

எங்கள் இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவை 1883 இல் எழுதினது. அதன் 303 ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற என்ற ஒரே காரணம் தவிர வேறு எதற்குக் கருவைக் கலைத்தாலும் 3 வருடம் வரை மறியல். வயிற்றில் பிள்ளை துடிக்கத் தொடங்கின, அதாவது அதன் அசைவு தாய்க்குத் தெரியத் தொடங்கின, பிறகென்றால் 7 வருடம் வரை. செய்துவிட்டவருக்கு மட்டுமல்ல, தானே செய்துகொண்ட பெண்ணுக்கும் அதே பிரிவுதான்.

தலைப்பிள்ளைக்காரிக்குத் துடிப்பு 18, 20 கிழமையில் தெரியும். ஏற்கெனவே பெற்றவளுக்கு 16 இலேயே தெரியலாம். இப்போது, பிள்ளையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிற ஸ்கேன் எப்போது எடுக்கிறார்கள்? 18 இலிருந்து 22 கிழமைக்குள். குறை தெரியவருகிற அதே கிழமைகளில் தண்டனை இரட்டிப்புக்கு மேலே ஏறி நிற்கிறது.

“முந்தியே பார்த்திருக்கலாமே” என்பார்கள், படித்தவர்களும்தான். மண்டையோடு உருவாகாத பிள்ளையை 12 கிழமை அளவில் காணலாம், உண்மை. இதயத்தின் நாலு அறையையும் தெளிவாகப் பார்க்க அது வளர்ந்திருக்க வேண்டும். இரண்டு சிறுநீரகமும் இல்லாத பிள்ளை இன்னும் மோசம்: 16 கிழமை வரை பன்னீர்க்குடத்து நீர் ஓரளவு இருக்கும், அதற்குப் பிறகு அந்த நீர் பெரும்பாலும் பிள்ளையின் சிறுநீர்தான். சிறுநீரகம் இல்லையென்றால் நீர் வற்றும், நீர் இல்லாமல் நுரையீரல் வளராது, பிறந்தவுடன் மூச்சு வராது. முந்திப் பார்த்திருந்தால் எல்லாம் சரியென்றே தெரிந்திருக்கும்.

அறிந்த பிறகும் இன்னும் நாலைந்து மாதம் சுமக்க வேண்டும். மிட்வைஃப் வழமைபோல வீட்டுக்கு வருவார், கொப்பியில் நிறை எழுதுவார். கோயில் வீதியில் காண்கிறவர்கள் “எத்தனை மாதம் பிள்ளை?” என்று கேட்பார்கள். மண்டையோடில்லாத பிள்ளை நீரைச் சரியாக விழுங்காது. நீர் தேங்கி வயிறு அளவுக்கு மிஞ்சிப் பெருக்கும், தாய் சாய்ந்து படுக்க முடியாமல் இருந்தபடி நித்திரை கொள்வாள். நாள் கடந்தும் குத்து வராமல் போகலாம். சிசேரியன் செய்ய நேர்ந்தால் அடுத்த பிள்ளைக்கும் அந்தத் தழும்பு ஒரு ஆபத்து.

பிறகு பால். பிள்ளை இல்லை என்று மார்புக்குத் தெரியாது, மூன்றாம் நாள் கட்டிக்கொண்டு வரும். உயர் இரத்த அழுத்தம் இல்லாதவருக்கு முதல் நாளே பால் சுரப்பை நிறுத்துகிற கபர்கோலின் குளிசை 1 மில்லிகிராம் ஒரே தடவை கொடுத்தால் பெரும்பாலும் சுரக்காது. வோட்டிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் முன் கேளுங்கள். துக்கத்தில் எல்லோரும் மறந்துபோகிற விசயம் இது.

“உயிரைக் காப்பாற்ற” என்ற விலக்கும் பார்க்கிற அளவுக்கு அகலமில்லை. 17 கிழமையில் பன்னீர்க்குடம் உடைந்து, பிள்ளையின் இதயம் இன்னும் துடிக்கிறது என்று வையுங்கள். காய்ச்சல் ஏறும்வரை பார்ப்பதா? அயர்லாந்தில் 2012 இல் சவிதா ஹலப்பனவாரை அப்படித்தான் காக்க வைத்தார்கள், கிருமி இரத்தத்தில் பரவி இறந்தார். 2018 இல் அந்த நாடு வாக்கெடுப்பு நடத்திச் சட்டத்தை மாற்றிக்கொண்டது.

நாங்களும் 1995 இல் கிட்டப் போனோம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோடு உறவு கொண்டால், சம்மதம் இருந்தாலும் வல்லுறவு என்று அந்த வருடத் திருத்தம் சொல்லிற்று. வல்லுறவாலும் இரத்த உறவுக்குள்ளும் தரித்த கரு, கடும் குறையுள்ள கரு ஆகியவற்றைக் கலைக்கலாம் என்ற யோசனையும் கூடவே வந்தது, அது கைவிடப்பட்டது. 2017 இல் திரும்ப எடுத்தார்கள், மதத் தலைவர்களின் எதிர்ப்போடு நின்றது. ஆக 14 வயதுப் பிள்ளைக்குக் குற்றம் நடந்தது என்று ஒப்புக்கொள்கிற சட்டமே, அந்தக் குற்றத்தின் பிள்ளையைப் பெறு என்கிறது. இந்த வயதில் மாதவிலக்கு இன்னும் ஒழுங்காகியிருக்காது, பயத்தில் மறைக்கவும் செய்வார்கள். வயிறு தெரிந்து தாய் கூட்டிவரும்போது பெரும்பாலும் ஐந்து மாதம் தாண்டியிருக்கும்.

காசுள்ளவர்களுக்குப் பலாலியிலிருந்து இந்தியாவுக்கு விமானம் இருக்கிறது. இந்தியாவில் 2021 திருத்தத்துக்குப் பிறகு குறிப்பிட்ட சில நிலைமைகளில் 24 கிழமை வரையும், கடும் குறையென்று மருத்துவக் குழு சொன்னால் அதற்கு மேலும் செய்யலாம். கடவுச்சீட்டு, விசா, தங்குமிடம் என்று ஓடித்திரிகிற ஒவ்வொரு நாளும் கரு வளர்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள்.

காசில்லாதவர்கள் களவாகப் போகிற இடத்தில் ஐந்து மாதக் கருவை “கழுவுகிறது” என்பது பயங்கரமான வேலை. கருப்பைச் சுவர் மென்மையாகிவிட்டிருக்கும், கருவி துளைத்துவிடும். நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே நின்றால் இரத்தம் நிற்காது. முந்தைய சிசேரியன் தழும்பு இருக்க, அளவு தெரியாமல் கருக்கலைப்புக் குளிசை வைத்தால் அந்தத் தழும்பு கிழியலாம்.

மணித்தியாலத்துக்கு இரண்டு பெரிய பாட் நனைந்து, அப்படியே இரண்டு மணித்தியாலம் போனால், 38 பாகைக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள கழிவு, அடிவயிற்றுக் கடும் நோ இருந்தால், இரவென்றாலும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். வந்த பெண்ணுக்கு வைத்தியம் செய்வது குற்றமில்லை. டொக்டரிடம் நாலு விசயம் மறைக்காமல் சொல்லுங்கள்: எத்தனை கிழமை, என்ன குளிசை, எப்போது எடுத்தது, முந்தி சிசேரியன் உண்டா.